நாற்பத்து நான்கு அங்குலம்

காலணி மேல் நெகிழி உறை மாட்டிக்கொண்டுதான்
ஆய்வாளர் ஸ்கோக்லண்ட் கீழே இறங்கினார்.
மரியாதைக்காரர்.
அவர் உருவிய அளவுநாடா
ஒவ்வொரு முறையும் சீறிக்கொண்டு கூட்டுக்குள் ஓடியது.

உயரம் பரவாயில்லை என்றார்,
வெந்நீர்க் குழாய்க்குக் கீழே மட்டும் ஓர் அங்குலம் இடிக்கிறது.
புகை எச்சரிப்பான் இல்லை.
வெளியேற ஜன்னல் இல்லை.
"இங்கே யாரும் படுத்துறங்கக் கூடாது, மிஸஸ் கோஸ்கெலா.
சட்டப்படி இது அறையே இல்லை."

தலையாட்டினேன்.
ஒன்பது வருஷம் ரெய்னோ படுத்துறங்கிய அறை.

அவனாகக் கேட்டு இறங்கியதுதான், பதினான்கு வயதில்,
மெத்தையைப் படிகளில் சறுக்கவிட்டுக்கொண்டு.
சத்தமில்லாத இடம் வேண்டுமாம்.
சத்தம் என்றால் நானும் அவன் அப்பாவும்.
பிறகு அப்பா போனார், அவரோடு சத்தமும் போயிற்று,
இவன் மட்டும் மேலே ஏறி வரவில்லை.
விடிகாலை ஐந்து மணிக்குப் பள்ளிப் பேருந்தை எடுக்கப் புறப்படுமுன்
படியின் தலைமாட்டில் நின்று ஒரே ஒரு தடவை கூப்பிடுவேன்.
"ம்" என்பான்.
அந்த வீட்டில் இருந்த எச்சரிப்பான்
அது ஒன்றுதான்.

இப்போது கூரைக்குப் பதினெட்டாயிரம் டாலர் கேட்கிறார்கள்.
மேலே ஒழுகுவதை அடைக்கக்
கீழே ஆள் வைக்க வேண்டியிருக்கிறது.
டுலூத் நகராட்சியின் பெர்மிட் வரிசையில் என் பெயர் நாற்பத்து மூன்றாவது.

ஜூனில் டாரலும் அவன் மருமகனும் வந்தார்கள்.
வெளியே குழி, உள்ளே வைரப்பல் ரம்பம்,
தண்ணீர் பீய்ச்சப் பீய்ச்ச அறையெங்கும் சாம்பல் நிறக் கூழ்.
ஜன்னல் விளிம்பு தரையிலிருந்து
நாற்பத்து நான்கு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாதாம்.
ஏன் அந்தக் கணக்கு என்று கேட்டேன்.
"புகையில் தவழ்ந்து வருகிறவன் கைக்கு எட்ட வேண்டாமா?"
என்று கேட்டுவிட்டு டாரல் காதடைப்பானை மாட்டிக்கொண்டான்.

சுவர்த்துண்டு விழுந்தது.
வெளிச்சம் வந்தது.
பார்க்க அழகாக ஒன்றும் இல்லை:
கம்பளம் கிழித்த இடத்தில் பசைக் கறை,
சிகரெட் சுட்ட நான்கு புள்ளிகள்,
அவன் தலை சாய்த்த இடத்தில் சுவரில்
ஒரு தட்டு அகலத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கு.
இரண்டு கோட் பெயின்டுக்கு அது அடங்கவில்லை.
மூன்றாவதை நானே அடித்தேன்.

உரிமத்தைச் சட்டமிட்டுக் கதவருகில் மாட்டியாயிற்று.
முதலில் ஃபார்கோவிலிருந்து ஒரு தம்பதி.
நான்கு நட்சத்திரம். படுக்கை நன்று. கப்பல் சங்கு தூக்கத்தைக் கெடுக்கிறது.
சுப்பீரியர் ஏரிக்கு யார் சொல்வது?

ஏப்ரலில், பனி இன்னும் போகாத வாரத்தில், ஒரு பதிவு:
ஆர். கோஸ்கெலா, ஸ்போகேன்.
ஒருவர். இரண்டு இரவு.
துப்புரவுக் கட்டணம் உட்பட முழுப்பணமும் கட்டியிருந்தான்.
ரத்து செய்துவிட்டு மாடி அறையைத் தரலாம் என்று
விரலைத் திரைமேல் வைத்து, எடுத்துவிட்டேன்.
எல்லாருக்கும் அனுப்புவதுபோலக்
கதவின் எண்களை அனுப்பினேன்.

வந்தான். நெற்றி ஏறியிருக்கிறது.
சூப் குடித்தான், கூரையைப் பற்றி விசாரித்தான்,
பத்து மணிக்கு இறங்கிப் போனான்.

இரண்டு மணி இருக்கும்.
கீழே ஜன்னல் திறக்கும் ஓசை.
இரும்பு ஏணியில் கால் வைக்கும் ஓசை.
விளக்கைப் போடாமல் சமையலறையிலிருந்து பார்த்தேன்.
பனியில் வெறுங்கையோடு நின்றான், புகைக்கக்கூட இல்லை.
திரும்ப உள்ளே இறங்கினான்.
மறுபடி ஏறி வந்தான்.
மூன்று தடவை.

கிளம்பும்போது விரிப்பை மடித்து வைத்திருந்தான்.
ஜன்னலை மட்டும் தாழிடவில்லை.
நானும் இன்னும் தாழிடவில்லை.
வெப்பம் வீணாகிறது, தெரியும்.